மியாஸ்மா, கத்தார்மோஸ், ஹிலாஸ்மோஸ்: பழங்கிரேக்கரின் தீட்டும் கழுவாயும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க நாடகங்களைத் தமிழில் படிப்பவர்களும், விவிலியத்தின் கிரேக்க மூலத்தோடு மல்லுக்கட்டுபவர்களும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். மூலத்தில் ஏழெட்டுச் சொற்கள் இருக்கும். மொழிபெயர்ப்பில் எல்லாமே 'பரிகாரம்' ஆகிவிடும். கறையைப் போக்குவது ஒரு வேலை. தெய்வத்தின் கோபத்தைத் தணிப்பது வேறு வேலை. கிரேக்கர் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள், செய்முறையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த வேறுபாட்டைச் சுற்றியே வருகின்றன.

மியாஸ்மா என்பது தீட்டா, பாவமா?

தீட்டு. இன்னும் சரியாகச் சொன்னால், கறை. 'மியாய்னோ' என்ற வினையின் அடிப்படைப் பொருள் சாயம் ஏற்றுவது, கறைப்படுத்துவது. இலியட்டின் நான்காம் பாடலில் ஓர் உவமை வருகிறது. மையோனியா அல்லது காரியா நாட்டுப் பெண் ஒருத்தி, குதிரையின் கன்னத்தில் கட்டும் அணிக்காக யானைத் தந்தத்தில் செஞ்சாயம் ஏற்றுகிறாள். அம்பு பட்ட மெனலாவுஸின் தொடையில் ரத்தம் வழிந்தது அப்படி இருந்தது என்கிறார் ஹோமர். இரண்டு இடத்திலும் இதே வினைதான். அங்கே குற்றமும் இல்லை, தெய்வமும் இல்லை. வெள்ளையில் சிவப்பு ஏறியது, அவ்வளவுதான்.

பிற்பாடு கொலை, சாவு, பிரசவம் ஆகியவற்றால் ஒட்டும் கறைக்கு இந்தச் சொல் நிலைத்தது. எண்ணிச் செய்தாலும் எண்ணாமல் செய்தாலும் கறை கறைதான். சோஃபோக்கிளீஸின் முதிய ஈடிப்பஸ், தந்தையைக் கொன்றதையும் தாயை மணந்ததையும் தெரியாமல் செய்ததால் தான் 'சட்டத்தின்படி தூயவன்' என்று வாதாடுகிறான். ஆனாலும் ஏதென்ஸ் அரசன் தேசேயுஸின் கையைத் தொடப் போனவன் தயங்கி நிறுத்திக்கொள்கிறான். கணவனின் மகன்மேல் காதல் கொண்ட யூரிப்பிடீஸின் ஃபைத்ரா கி.மு. 428இல் மேடையில் இதைத் திருப்பிப் போட்டாள்: என் கைகள் தூயவைதான், மனத்தில்தான் மியாஸ்மா இருக்கிறது என்றாள். அகத் தூய்மை என்ற எண்ணம் கிரேக்கர்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

பிற்கால மருத்துவர்கள் கெட்ட காற்றால் நோய் பரவும் என்ற கொள்கைக்கு இந்தப் பெயரைக் கடன் வாங்கினார்கள். அந்தப் பொருளை நாடகங்களுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அகோஸ் என்றும் ஒரு சொல் வருகிறதே?

நம் ஊரில் 'சாமி குத்தம்', 'தெய்வக்குற்றம்' என்பார்களே, அதற்கு மிக நெருக்கமானது அகோஸ். மியாஸ்மா தொட்டால் ஒட்டுவது. அகோஸ், தெய்வத்துக்கு உரியதை மீறியதால் அந்தத் தெய்வத்தின் பிடியில் மாட்டிக்கொள்வது. குளித்தால் போகாது.

பெயர்பெற்ற எடுத்துக்காட்டு கீலோன் விவகாரம். ஒலிம்பிக்கில் வென்றவனான கீலோன், கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸைப் பிடித்து ஆட்சியைக் கைப்பற்றப் பார்த்தான். முயற்சி தோற்றது. அவன் ஆட்கள் பலிபீடத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்து வெளியே அழைத்துவந்து கொன்றுவிட்டார்கள். பழி அல்க்மயோனிதர் குடும்பத்தின்மேல் விழுந்தது. 'எனாகேஸ்', அதாவது அகோஸுக்குள் இருப்பவர்கள் என்று அவர்களுக்குப் பெயரானது. குடும்பம் நாடுகடத்தப்பட்டது, செத்தவர்களின் எலும்புகளைக்கூடத் தோண்டி வெளியே வீசினார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, பெலோபொன்னேசியப் போருக்கு முன்னால், 'அந்த அகோஸைத் துரத்துங்கள்' என்று ஸ்பார்ட்டா கேட்டது. குறி ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ், அவருடைய தாய் அந்தக் குடும்பத்துப் பெண்.

ஊரைத் தூய்மைப்படுத்த கிரீட்டிலிருந்து எபிமெனிதீஸ் வந்த கதையும் உண்டு. கறுப்பும் வெள்ளையுமான ஆடுகளை அரயோபகஸ் குன்றிலிருந்து அவிழ்த்துவிட்டு, எது எங்கே படுக்கிறதோ அங்கேயே, அந்த இடத்துக்குரிய தெய்வத்துக்குப் பலியிடச் சொன்னாராம். எந்தத் தெய்வம் கோபத்தில் இருக்கிறது என்று தெரியாதபோது கண்டுபிடிக்கும் வழி இது.

கத்தார்மோஸ், கத்தார்சிஸ், கத்தார்மா: மூன்றும் ஒன்றா?

வேர் ஒன்று, 'கத்தாரோஸ்' (சுத்தமான). வேலை வேறு. கத்தார்மோஸ் என்பது சடங்கு. கத்தார்சிஸ் என்பது சுத்தம் நடைபெறும் செயல். வயிற்றைச் சுத்தப்படுத்தும் பேதிக்கும் மருத்துவர்கள் இதையே சொன்னார்கள். கத்தார்மா என்பது சுத்தம் செய்தபின் மிஞ்சும் கழிவு: கழுவிய நீர், ரத்தம் தோய்ந்த துணி, சாம்பல். அதனாலேயே கத்தார்மா வசைச்சொல்லும் ஆனது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் (4:13) தம்மை உலகத்தின் 'பெரிகத்தார்மா' என்றும், எல்லாரும் துடைத்துப்போட்ட 'பெரிப்ஸேமா' என்றும் சொல்வது இந்த வழக்குதான்.

கழிவை எங்கே போடுவது என்பதில் கவனம் வேண்டும். கடல், முச்சந்தி, உழாத நிலம் ஆகியவை ஏற்ற இடங்கள். எறிந்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஈஸ்கிலஸின் எலெக்ட்ரா, கத்தார்மாவை எறிபவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கலத்தை வீசிவிட்டுப் போகவேண்டுமா என்று கேட்கிறாள்.

எந்தெந்தப் பொருள்களைப் பயன்படுத்தினார்கள்?

முதலில் நீர், அதிலும் ஓடும் நீர். அதைவிடச் சிறந்தது கடல்நீர். நகைச்சுவை நாடக ஆசிரியர் மெனாந்தரிடம் ஒரு செய்முறை கிடைக்கிறது: நோயாளியைப் பெண்கள் சுற்றிலும் துடைத்து, புகை காட்டி, மூன்று ஊற்றுகளின் நீரில் உப்பும் பருப்பும் போட்டுத் தெளிக்கவேண்டும்.

அடுத்தது கந்தகம். ஒடிஸியில் வரிசை தெளிவாக இருக்கிறது. ஒடிசியஸ் தன் மனைவியை மணக்க வந்தவர்களைக் கொன்றபின், அவர்களின் உடல்களை முதலில் வெளியே எடுக்கிறார்கள். மேசை, நாற்காலிகளைக் கடற்பஞ்சாலும் நீராலும் துடைக்கிறார்கள். தரையைச் சுரண்டி அள்ளுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒடிசியஸ் கந்தகமும் நெருப்பும் கேட்டு, கூடத்துக்கும் வீட்டுக்கும் முற்றத்துக்கும் புகை போடுகிறான். புகை துடைப்பத்துக்கு மாற்று அன்று. இலியட்டில் அக்கிலீஸ் ஸீயஸுக்கு ஊற்றும் கிண்ணத்தை முதலில் கந்தகத்தால் தூய்மை செய்து, பிறகு நீரில் அலசி, கை கழுவி, அப்புறம்தான் மதுவை மொள்கிறான்.

கடல் வெங்காயம் (நம் நரிவெங்காயத்தின் உறவு), நாய்க்குட்டி, பன்றிக்குட்டி ஆகியவையும் உண்டு. நாய்க்குட்டியை ஆளைச் சுற்றி எடுத்துச் செல்வதற்கு 'பெரிஸ்குலகிஸ்மோஸ்' என்றே தனிப் பெயர் இருந்ததைப் புளூட்டார்க் சொல்கிறார். களிமண்ணும் தவிடும் சேர்த்து, தலைக்கு அரைப்புத் தேய்ப்பதுபோல உடம்பில் தேய்த்து வழிக்கும் முறையும் இருந்தது. டெமாஸ்தனீஸ் தன் எதிரியைக் கேவலப்படுத்த இதை எடுத்துச் சொல்கிறார்.

பன்றிக்குட்டி ஏன் என்று பலர் கேட்கிறார்கள். எளிதில் கிடைத்தது, விலையும் குறைவு. கி.மு. 421இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் நாடகத்தில் ஒருவன், சாவதற்கு முன் தீட்சை பெறவேண்டும், பன்றிக்குட்டி வாங்க மூன்று திராக்மா கடன் கொடு என்கிறான். ஏதென்ஸில் மக்கள் மன்றம் கூடும் இடத்தைச் சுற்றிப் பன்றிக்குட்டியைக் கொண்டுபோய்த் தூய்மை செய்த பிறகே கூட்டம் தொடங்கும். எலெயுசிஸ் ஊரின் மறைச்சடங்கு விழாவில் தீட்சை பெறுவோர் 'கடலுக்கு, தீட்சையரே' என்ற அழைப்பைக் கேட்டுக் குட்டியோடு கடலில் இறங்குவார்கள். அப்படித் துறைமுகத்தில் குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பெருமீன் பிடித்து வயிறுவரை விழுங்கியதையும் புளூட்டார்க் பதிந்திருக்கிறார்.

கோயிலுக்குள் நுழைய என்ன விதி?

வாசலில் 'பெரிராந்தேரியோன்' என்ற நீர்த்தொட்டி, உயர்ந்த தாங்கியின்மேல் இருக்கும். இஸ்த்மியாவில் கிடைத்த கி.மு. ஏழாம் நூற்றாண்டுப் பளிங்குத் தொட்டியைச் சிங்கங்கள்மேல் நிற்கும் பெண்சிலைகள் தாங்குகின்றன. தொட்டி ஓர் எல்லையும்கூட. போரிலிருந்து ஓடியவனுக்கு ஏதென்ஸின் சந்தைவெளித் தொட்டிகளைத் தாண்டி உள்ளே வர உரிமை இல்லை.

பலிக்கு முன் தெளிக்கும் நீர் 'கெர்னிப்ஸ்', அதாவது கைகழுவும் நீர். பலிபீடத்திலிருந்து எரியும் கொள்ளியை எடுத்து நீரில் முக்கி, அந்த நீரைப் பீடத்தின்மேலும் விலங்கின்மேலும் கூடியிருப்பவர்மேலும் தெளிப்பார்கள். தலையில் நீர் பட்டதும் விலங்கு சிலிர்க்கும்.

பெர்கமோனில் அத்தீனா கோயிலின் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு நாள்கணக்குத் தருகிறது. தன் துணையோடு கூடியவர் அன்றே நுழையலாம். பிறர் துணையோடு கூடியவர் குளித்து 'இரண்டாம் நாள்' நுழையலாம். சாவு, பிரசவம் என்றாலும் இரண்டாம் நாள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கிரேக்கர் நிகழ்ந்த நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஆகவே 'இரண்டாம் நாள்' என்றால் மறுநாள்; இரண்டு நாள் கழித்து அன்று.

மாதவிலக்கு? செவ்வியல் காலக் கிரேக்கக் கோயில் விதிகளில் அதைக் காண்பது மிக அரிது. பிற்காலத்தில், பெரும்பாலும் எகிப்து முதலிய வெளிநாட்டுத் தெய்வங்களின் கோயில்களில்தான் நாள்கணக்கோடு வருகிறது. நம் பழக்கத்தை வைத்து ஊகித்துச் சேர்த்துவிடாதீர்கள்.

பிறப்பு, இறப்புத் தீட்டு எப்படிக் கணக்கிடப்பட்டது?

வட ஆப்பிரிக்காவின் கிரேக்க நகரமான குரேனேயில் கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பிரசவித்தவளால் கூரைக்குள் இருப்பவருக்குத் தீட்டு. வெளியே இருப்பவர் உள்ளே வந்தால் ஒழியத் தீட்டில்லை. உள்ளிருந்தவருக்கு மூன்று நாள், ஆனால் அவர் இன்னொருவருக்கு ஒட்டவைக்க மாட்டார். கருச்சிதைவில் உரு தெரிந்தால் சாவுத் தீட்டு, தெரியாவிட்டால் பிரசவத் தீட்டு. சங்கிலி எங்கே அறுகிறது என்று எழுதிவைத்ததுதான் இதில் முக்கியம்.

சாவு வீட்டு வாசலில் பாத்திரத்தில் நீர் வைத்திருப்பார்கள், வெளியே வருபவர் தெளித்துக்கொள்ள. அந்த வீட்டு நீரும் தீட்டு என்பதால் அடுத்த வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டும். கேயோஸ் தீவின் இயூலிஸ் நகரச் சட்டம், மறுநாள் அடிமை அல்லாத ஒருவர் வீட்டில் கடல்நீர் தெளிக்கவேண்டும் என்கிறது. சாவு வீட்டில் தீட்டுக்கு ஆளாகும் பெண்களையும் வரையறுக்கிறது: தாய், மனைவி, சகோதரிகள், மகள்கள், இவர்களுக்கு மேல் ஐந்து பேர் வரை.

டெலோஸ் ஒரு தனிக் கதை. அப்போலோ பிறந்த தீவு என்பதால் கி.மு. 426/425 குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் எல்லாக் கல்லறைகளையும் தோண்டி எடுத்தார்கள். இனி தீவில் யாரும் சாகவோ பிரசவிக்கவோ கூடாது, அப்படிப்பட்டவர்களை அருகிலுள்ள ரினேயாவுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று ஆணையிட்டார்கள். பிறகு அதுவும் போதவில்லை என்று கி.மு. 422இல் டெலோஸ்காரர்களையே வெளியேற்றினார்கள். டெல்ஃபி அப்போலோ கோயிலின் குறிவாக்கால் அடுத்த ஆண்டு திரும்ப அழைத்தார்கள்.

கொலைத் தீட்டை எப்படிக் கழித்தார்கள்?

முழுச் செய்முறை வேண்டுமானால் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் காவியமான அர்கோனாவுட்டிக்காவில் பாருங்கள். மெதேயாவின் சகோதரனைக் கொன்றுவிட்டு ஜேசனும் மெதேயாவும் சூனியக்காரி கிர்க்கேயிடம் வருகிறார்கள். பேசாமல் அடுப்பங்கரையில் உட்காருகிறார்கள். அவள் முகத்தைக் கைகளில் புதைக்கிறாள்; அவன் வாளைத் தரையில் குத்துகிறான். கிர்க்கேக்குப் புரிந்துவிடுகிறது. பால்குடி மாறாத பன்றிக்குட்டியின் கழுத்தை அறுத்து, அந்த ரத்தத்தால் அவர்கள் கைகளை நனைக்கிறாள். தூய்மை தரும் ஸீயஸை அழைத்து நீர்மங்கள் ஊற்றுகிறாள். பணிப்பெண்கள் கழிவையெல்லாம் வெளியே கொண்டுபோகிறார்கள். அதற்குப் பிறகு மதுவே சேர்க்காத படையல்களை அடுப்பில் எரிக்கிறாள், பழிவாங்கும் எரின்யஸ் தேவதைகள் கோபம் தணியவும் ஸீயஸ் மனம் இரங்கவும். கடைசியில்தான் எழுப்பி இருக்கையில் அமர்த்தி, யார் நீங்கள் என்று கேட்கிறாள்.

இரண்டைக் கவனியுங்கள். ரத்தம் கறையைப் போக்குகிறது, படையல் கோபத்தைத் தணிக்கிறது. இரண்டும் வெவ்வேறு கட்டங்கள். மேலும், கேள்வி சடங்குக்குப் பின்தான் வருகிறது. ஹெரோடோட்டஸில் லிதிய அரசன் குரோய்சோஸும், சகோதரனைத் தவறுதலாகக் கொன்றுவிட்டு வந்த அத்ராஸ்தோஸைத் தூய்மைப்படுத்திய பிறகே பெயரைக் கேட்கிறான்.

ரத்தத்தை ரத்தத்தால் கழுவுவதா என்று கிரேக்கர்களே கேட்டார்கள். சேற்றில் மிதித்தவன் சேற்றாலேயே கழுவுவது போன்றது என்றார் ஹெராக்ளிட்டஸ். ஆனால் சடங்கின் தர்க்கம் வேறு. பழைய ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. புதிய ரத்தத்தை அதன்மேல் பூசினால் தெரியும், தெரிந்ததைக் கழுவிவிடலாம். லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள கி.மு. நான்காம் நூற்றாண்டு அப்பூலியக் கலத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்தேஸின் தலைக்கு மேல் அப்போலோ பன்றிக்குட்டியைத் தூக்கிப் பிடித்திருப்பதைக் காணலாம்.

இந்தச் சடங்கு சட்டத்துக்கு மாற்று இல்லை. ஏதென்ஸில் எண்ணாமல் கொன்றவன் நாட்டைவிட்டுப் போகவேண்டும். செத்தவரின் உறவினர் மன்னிக்கும்வரை திரும்பக் கூடாது. திரும்பும்போதுதான் பலியும் தூய்மைச் சடங்கும். கொலை வழக்குகளைத் திறந்தவெளியில் விசாரித்ததற்கு ஒரு காரணம், நீதிபதிகள் கொலைகாரனோடு ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது என்பதே.

ஹோமரில் கொலைக்கு ரத்தச் சடங்கு கிடையாது. ஒடிஸியில் தேயோக்ளூமெனோஸ் என்ற கொலைகாரன் டெலிமாக்கஸின் கப்பலில் ஏறுகிறான்; யாரும் அவனைக் கழுவவில்லை.

அப்படியானால் ஹிலாஸ்மோஸ் எது?

தணித்தல், மனமிரங்கச் செய்தல். வினை 'ஹிலாஸ்கோமாய்'. இலியட்டின் முதல் பாடலில் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. அப்போலோ பூசாரியின் மகளைப் பிடித்துவைத்ததால் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு படையினர் குளித்து அழுக்கைக் கடலில் எறிகிறார்கள்: அது தூய்மை. ஒடிசியஸ் கப்பலேறி, பூசாரியின் மகளைத் திருப்பிக் கொடுத்து, பெரும்பலி இட்டு, நாள் முழுதும் பாடி அப்போலோவைத் தணிக்கிறான்: அது ஹிலாஸ்கோமாய்.

இலக்கணத்தைப் பார்த்தால் குழப்பமே வராது. ஹோமரில் இந்த வினையின் செயப்படுபொருள் தெய்வம்: தெய்வத்தைத் தணி. எபிரெயருக்கு எழுதிய கடிதத்தில் (2:17) செயப்படுபொருள் பாவங்கள். இடையில் நடந்தது, எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'கிப்பேர்' (பாவநிவர்த்தி செய்தல்) என்ற வினைக்கு இந்தச் சொல் குடும்பத்தைக் கையாண்டது. உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹிலாஸ்தேரியோன்'. தமிழ் வேதாகமத்தில் எபிரெயர் 9:5இல் அது 'கிருபாசனம்'. ரோமர் 3:25இல் அதே கிரேக்கச் சொல் 'கிருபாதார பலி'. தமிழில் மட்டும் படிப்பவருக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை.

இரண்டும் எப்போதும் பிரிந்தே நிற்குமா?

இல்லை. முதிய ஈடிப்பஸ் வரும் அதே நாடகத்தில், ஏதென்ஸ் அருகே கொலோனஸில் யூமெனிதீஸ் (எரின்யஸின் மறுபெயர்) தேவியரின் தோப்பில் அவன் தெரியாமல் கால்வைத்துவிடுகிறான். ஊரார் சொல்லும் செய்முறை: வற்றாத ஊற்றிலிருந்து தூய கைகளால் நீர் எடு. கிண்ணங்களின் விளிம்பிலும் கைப்பிடியிலும் இளம் பெண்ணாட்டின் புதுக்கம்பளியைச் சுற்று. கிழக்கு நோக்கி நின்று மூன்று முறை ஊற்று. கடைசிக் கிண்ணத்தை முழுவதும் கவிழ். நீரும் தேனும் மட்டும், மது கூடாது. மண் குடித்ததும் இரு கைகளாலும் மும்முறை ஒன்பதாக 27 ஒலிவக் கொம்புகளை வை. கேட்காத குரலில் வேண்டு. திரும்பிப் பார்க்காமல் போ. நோக்கம் முழுக்க தேவியரின் கோபத்தைத் தணிப்பது. ஆனால் இதற்கு ஊரார் வைக்கும் பெயர் கத்தார்மோஸ். பார்வையற்ற தந்தைக்காக மகள் இஸ்மேனே போய்ச் செய்கிறாள். நல்ல மனத்தோடு வரும் ஓர் உயிர் பல்லாயிரம் பேருக்காகச் செய்தாலும் போதும் என்கிறான் ஈடிப்பஸ்.

ஃபார்மகோஸ் யார்?

ஊரின் தீட்டைச் சுமந்து வெளியேற்றப்படுபவர். ஏதென்ஸில் தார்கேலியா விழாவில் இருவர்: ஆண்களுக்காக ஒருவர் கறுப்பு அத்திப்பழ மாலையோடு, பெண்களுக்காக இன்னொருவர் வெள்ளை அத்திப்பழ மாலையோடு. கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கவி ஹிப்பொனாக்ஸ், கடல் வெங்காயத்தாலும் காட்டத்திக் கிளையாலும் அடிப்பதைப் பாடுகிறார். எரித்துச் சாம்பலைக் கடலில் தூவினார்கள் என்பது கி.பி. 12ஆம் நூற்றாண்டு பைசாந்திய அறிஞர் ட்ஸெட்ஸேஸின் கூற்று. அவர் மேற்கோள் காட்டும் கவிதை வரிகளில் எரித்தல் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் இதே எழுத்துகளில் வரும் சொல்லுக்குச் சூனியக்காரன் என்று பொருள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அரிஸ்டாட்டிலின் கத்தார்சிஸ்?

துன்பியல் நாடகம் இரக்கத்தாலும் அச்சத்தாலும் அத்தகைய உணர்வுகளின் கத்தார்சிஸை நிறைவேற்றுகிறது: கவிதையியலில் இருப்பது இந்த ஒரு தொடர்தான். அரசியல் நூலில், இதைக் கவிதையியலில் தெளிவாகச் சொல்வேன் என்கிறார். நம்மிடம் இருக்கும் நூலில் அந்த விளக்கம் இல்லை. அதே இடத்தில், சாமி வந்தவர்கள் புனித இசையைக் கேட்டபின் மருத்துவம் பெற்றவர்போல் அமைதியடைவதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். 1857இல் ஜெர்மன் அறிஞர் யாக்கோப் பெர்னாய்ஸ் இதை வைத்தே, பேதிபோல் வெளியேற்றுதல் என்ற மருத்துவ அர்த்தத்தை வலியுறுத்தினார். எங்களுக்கும் அதுவே ஏற்புடையது, சடங்கின் சாயல் அதில் இருக்கிறது என்ற திருத்தத்தோடு.

தமிழில் எந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம்?

மியாஸ்மாவுக்குத் தீட்டு அல்லது கறை. அகோஸுக்குத் தெய்வக்குற்றம். கத்தார்மோஸுக்குத் தீட்டுக் கழிப்பு. ஹிலாஸ்மோஸுக்குத் தணிப்பு, அல்லது சாந்தி. கோயிலுக்குள் போகுமுன் காக்கும் தூய்மையான 'ஹாக்னெயா'வுக்கு 'மடி' பொருந்தும். கழுவாய் என்ற சொல் புறநானூற்றின் 34ஆம் பாடலிலேயே இருக்கிறது. உள்ளே 'கழுவு' இருப்பதால் அதைக் கத்தார்மோஸ் பக்கம் வைப்பதே சரி, ஹிலாஸ்மோஸுக்கு வேண்டாம்.

'தீட்டு' என்று எழுதும்போது ஓர் அடிக்குறிப்பு அவசியம். நம் சொல்லில் சாதியின் நிழல் விழுந்திருக்கிறது. கிரேக்க மியாஸ்மா ஒரு நிகழ்ச்சியால் வருவது, அரசனுக்கும் அடிமைக்கும் ஒட்டுவது, நாள்கணக்கிலோ சடங்கிலோ தீர்வது. ஒரு கூட்டத்தாரைப் பிறப்பாலேயே தொடக்கூடாதவர் ஆக்கும் பொருள் அதில் கிடையாது.